கீழ் மடிப்பு

மேலே பாருங்கள் தவனேசன்.
இன்னும் மேலே. விசிறியை.

வலது கண் போகிறது.
இடது, பாதி வழியில் நிற்கிறது
கயிறு இழுத்துப் பிடித்த சம்பானாக.

கீழிமையை விரலால் தாழ்த்துகிறேன்.
இங்கே ஒரு பள்ளம் இருக்க வேண்டும்.
கண்ணாடி பார்க்கும் எவரும் பார்த்திராத பள்ளம்,
கண்ணீர் வழியுமுன் சற்றுத் தங்கிப் போகும் இடம்.
அதைத் தூர்த்துவிட்டு
இமையிலிருந்து விழிக்கு ஒரு வெளிறிய சவ்வு,
வாத்தின் விரல்களுக்கிடையே இருக்குமே,
அப்படி.

அளவுகோலை இறக்குகிறேன்.
ஆழம் நான்கு மில்லிமீட்டர்.
மற்ற கண்ணில் பதினொன்று.
அகலம், இமையின் பாதிக்குச் சற்றுக் குறைவு.
சிவப்பு இன்னும் அடங்கவில்லை.
தாதி ஸுரைடா எழுதிக்கொண்டே வருகிறாள்.

"ஜெட்டியில மேல மாட்டியிருக்கிற பலகைல
ஃபெரி நேரம் ரெண்டா தெரியுது டாக்டர்.
முந்தினதை நம்பி ஓடிடறேன்."
சிரிக்கிறார். நானும்.
அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது பாரத்தில்:
இரட்டைப் பார்வை, ஆம்.

முதல் வாரம் யாராவது
கண்ணாடிக் கோலால் தினமும் பிரித்துவிட்டிருந்தால்.
நாலாம் நாளே வேலைக்குப் போயிருக்கிறார்.

முதலாளி நிரப்பிய பக்கம்:
பட்டர்வொர்த், உணவகம், பின்கட்டு.
சாக்கடை அடைப்பு நீக்கும் தூள்.
இரவு பதினொன்று இருபது.
உடனே கழுவப்பட்டது.

உடனே என்றால்?

மேசை விளிம்பைத் தடவுகிறார்.
"கடைசி மேசையில ஆளு இருந்தாங்க.
சத்தம் போடாதேன்னாரு.
அவங்க எழுந்து போனப்புறம்தான் குழாய்க்கு…"

அமிலம் அவசரக்காரன். சுட்ட இடத்திலேயே
தனக்கொரு சுவர் எழுப்பிக்கொள்ளும்.
காரத்துக்கு அந்தப் பழக்கமில்லை.
யாரோ இருவர் தே தாரேக்கை ஆற்றி ஆற்றிக் குடித்து,
காசு கொடுத்து, மீதியை எண்ணி,
பல் குத்திக்கொண்டு படியிறங்கும் வரை
அது உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.
நான்கு மில்லிமீட்டர் எனக்குச் சொல்வது
அரைமணி நேரம். கூடவும் இருக்கலாம்.

லேசு, நடுத்தரம், கடுமை.
கடுமையில் ஒரு கோடு போடுகிறேன்.
கீழே குறிப்பு எழுத இரண்டு வரி இடம்:
'உடனே' என்பதோடு காயம் ஒத்துப்போக

"அப்படி எழுதினா
அங்க என்னை வச்சிருப்பாங்களா டாக்டர்?"

பேனா நிற்கிறது.
வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிடுகிறார்கள்,
மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.

அவர் இமைக்கிறார்.
வலது மூடித் திறக்கிறது.
இடது முழுக்க மூடாமல்
அந்த வெள்ளைக் கீற்று வழியே
முடியாத வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.