அரைக் கிலோவுக்குக் கீழே

மில்லுத் தராசு
அரைக் கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது.
பதினொரு வருஷம் அதற்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
மூட்டை ஏறும், சிவப்பு இலக்கம் ஓடும், நிற்கும்.
ஒரு மணியைக் கடித்துப் பார்த்துச் சொல்வேன்:
"ஈரம், போடியார். ரெண்டு கிலோ கழிவு."
வீரமுனையார், மல்வத்தையார், எல்லாரோடும் இதே சண்டை.
"றோட்டில மூணு நாள் காய்ஞ்ச நெல்லு தம்பி!"
இருந்தாலும் கழிப்பேன்.
சம்மாந்துறையில் எனக்குச் சம்பளமே
கழிப்பதற்குத்தான்.

ஹம்னாவுக்கு மூன்றாம் மாசம்
கொழும்பிலிருந்து கடதாசி வந்தது.
இளவயசு டொக்டர்.
பேனை மூடியைக் கழற்றி, திரும்பப் பூட்டி,
"ஒண்டு கூட" என்றா.
எல்லாருக்கும் நாற்பத்தாறு, இவளுக்கு நாற்பத்தேழு.
கூட என்றால் நல்லதுதானே என்று
என் தராசு மூளை ஒரு கணம் நினைத்தது.
சுமையா என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.
நகம் பதிந்த இடம்
பின்னேரம்தான் எரிந்தது.

இதயத்திலும் ஒரு ஓட்டையாம்.
"தானா மூடலாம். பார்ப்பம்."
பார்ப்பம் என்ற சொல்லை எனக்குத் தெரியும்.
காசு கேட்டு வரும் வெள்ளாமைக்காரரிடம்
நான் சொல்லுகிற சொல்.

பிள்ளை பார்க்க வந்த மச்சி
பவுடர் டின்னை மேசையில் வைத்து
"ஆர்ர சாயல்?" என்று கேட்டுவிட்டு
தானே நாக்கைக் கடித்துக்கொண்டா.
குற்றம் சொல்ல மாட்டேன்.
முதல் கிழமை முழுக்க நானும் அதைத்தான் தேடினேன்,
அந்தக் கண்ணில், அந்தச் சப்பை மூக்கில்,
ஒற்றை ரேகை ஓடும் உள்ளங்கையில்.
மறுகா ஒரு நாள் குளிப்பாட்டும்போது கண்டேன்:
கால் இரண்டாம் விரல்
பெருவிரலைத் தாண்டி நிற்கிறது,
என் வாப்பாவுக்கு நின்ற மாதிரியே.
சுமையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"இதுக்கா கத்தினீங்க" என்றாள்.
ஆனால் குனிந்து பார்த்தாள்.

பால் குடிக்க அவளுக்கு ஒரு மணித்தியாலம் வேணும்.
நாக்கு வெளியே வரும், தேடும், களைக்கும்,
அப்படியே உறங்கிப்போவாள்.
உள்ளங்காலைச் சுரண்டி எழுப்ப வேண்டும்.
கறந்த பாலைக் கரண்டியால் நான் கொடுப்பேன்,
சுபஹு பாங்குக்கு முன் ஒரு தரம்,
லொறி வர முன் ஒரு தரம்.
கழுத்து நிற்காது.
ஊறிய அரிசி மாதிரி உடம்பு,
எப்படிப் பிடித்தாலும்
விரலிடுக்கால் போகப் பார்க்கும்.

கிளினிக்கில் சந்திரவதனி மிஸ்
றோஸ் கொப்பியில் புள்ளி வைப்பா.
மற்றப் பிள்ளைகள் பச்சைப் பட்டையில் மேலே ஏற
இவளுடைய புள்ளிகள்
அடியில் தனி ஒழுங்கையால் போகின்றன.
"இந்த மாசம் அறுபது கிராம்."
அவ்வளவுதானா என்று கேட்க வாயெடுத்தேன்.
சுமையா முந்திக்கொண்டு
"அறுபதா மிஸ்!" என்றாள்,
பெருநாள் பிறை கண்ட மாதிரி.

அறுபது கிராம்.
சாக்கை உதறினால் அதைவிடக் கூடக் கொட்டும்.
அன்று மில்லில் கொட்டியதைக் குனிந்து பொறுக்கி
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
"என்னடா றிபாய், கோழியா நீ?"
முதலாளி சிரித்தார்.
நெல்லைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

ஏழாம் மாசம், ஒரு வெள்ளிக்கிழமை,
ஜும்ஆ முடிந்து மில் பூட்டிக் கிடந்தது.
திறப்பு என்னிடம்.
நான் தனிய ஏறினேன்: அறுபத்தெட்டரை.
இறங்கி, அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
எழுபத்து மூன்றரை.
எழுபத்து நாலு.
எழுபத்து மூன்றரை.
அசைகிறாள், இலக்கம் நிற்கவில்லை.
மூட்டை என்றால் குறைந்ததைத்தான் எழுதுவேன்.

அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்குத்தான்
அவள் தலையைத் தூக்கினாள்.
தூக்கியபடி நின்றது தலை,
என் கை இல்லாமல்.
ஒன்று, ரெண்டு,
ஆறு வரை எண்ணினேன்,
ஏழில் என் தோளில் விழுந்து
எச்சில் வடித்தாள்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை.
கழுத்து மடிப்பில் தவிட்டைக் கண்டுபிடித்து
சுமையா என்னைப் பார்த்தாள்.
"எங்க கொண்டுபோன நீங்க இவள?"

பிள்ளை மூன்று தரம் தும்மியது.