கார்களுக்குத் தொப்புள்கொடி உள்ள ஊர்

வின்னிபெக்கில் கார்களுக்கும் தொப்புள்கொடி உண்டு.
பொனட்டின் வாயிலிருந்து ஒரு வயர் தொங்கும்.
மைனஸ் முப்பத்தொன்றில் அதைக்
கரண்ட் கம்பத்தில் செருகிவைக்காவிட்டால்
ஒரு முனகலோடு எஞ்சின் கைவிட்டுவிடும்.

உன்னைச் சுமந்த பனிக்காலம்
அப்பா பன்றி வெட்டும் தொழிற்சாலைக்கு இரவு வேலை போவார்.
போகுமுன் வயரைக் கழற்றிச் சுருட்டுவார்.
நான் மூன்றாம் மாடி ஜன்னலில்.
பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது.
கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அழவில்லை. அதை எல்லோரிடமும்
ஒரு நற்சான்று போலச் சொல்லியிருக்கிறேன்.
அரிசி களைந்த தண்ணீரில் கையை வைத்தபடி
பின்னேரம் முழுக்க நின்றிருக்கிறேன்.
நீ உதைப்பாய்.
பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல் இருக்கும்.
எனக்கில்லை என்று விட்டுவிடுவேன்.

கிளினிக்கில், தொலைபேசி வழியே ஒரு மொழிபெயர்ப்பாளர்.
குரலில் யாழ்ப்பாணம். யாருடைய மச்சாளோ.
"மனம் எப்படி இருக்கு?" என்று கேட்டா.
எங்கட சனம் இங்கே கொஞ்சம்தான்.
"சந்தோசம்" என்றேன்.
அவ அதை ஆங்கிலத்தில் சொன்னபோது
இன்னும் கொஞ்சம் சந்தோசமாக ஒலித்தது.

இப்போது உனக்கு நாலு வயது.
கை உலர்த்தும் மெஷின் உள்ள கழிப்பறைக்குள் வரமாட்டாய்.
பலூனைக் கண்டாலே காதைப் பொத்துவாய்.
விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி
எனக்கு மூச்சு வருகிறதா என்று
மூக்கடியில் விரல் வைப்பாய்.

பிள்ளை டாக்டரின் படிவத்தில் பதினாலாம் கேள்வி:
கர்ப்ப காலத்தில் தாயின் மனநிலை.
ஒரு நகமளவு பெட்டி.
இதற்கு முன் மூன்று படிவங்களில்
'இயல்பு' என்று எழுதியிருக்கிறேன்.

ஆரபி,
அந்தக் கொடி வழியாக உனக்கு என்ன அனுப்பினேன்?
சோறு போயிருக்கும். இரும்புச்சத்து மாத்திரை போயிருக்கும்.
அதோடு அந்தப் பின்னேரங்களும் போயினவா,
கலங்கல் தண்ணீராய்?

"போகலாம்" என்றார் டாக்டர்.
"சில பிள்ளைகளுக்கு. எவ்வளவு என்று அளக்க
என்னிடம் கருவி இல்லை.
அப்போது உங்களுக்கு யாராவது மருந்து தந்தார்களா?"
இல்லை.
"கேட்கவாவது கேட்டார்களா?"

கேட்டார்கள்.

அதைச் சொல்லும்போதுதான் அழுதேன்,
ஐந்து பனிக்காலம் பிந்தி,
அவர் மேசையிலிருந்த பிளாஸ்டிக் காதைப் பார்த்துக்கொண்டு.
நீ உன் காதுகளைப் பொத்திக்கொண்டாய்.
பிறகு ஒரு கையை மட்டும் எடுத்தாய்.

இன்றிரவு வயர் செருக நீயும் இறங்கி வருகிறாய்.
தடித்த கையுறைக்குள் விரல் வளையவில்லை.
முதல்தரம் பிழை. இரண்டாம் தரமும்.
மூன்றாவதில் செருகிவிட்டு
தொப்பியோடு பொனட்டில் காதை வைக்கிறாய்.
"அம்மா, குடிக்குதா?"

நானும் காதை வைக்கிறேன்.
இரும்பின் குளிரைத் தவிர ஒன்றுமில்லை.
"ஓம்" என்கிறேன்.
படியேறும்போது திருத்துகிறேன்:
"தெரியேல்லை, குஞ்சு.
காலமை வந்து பாப்பம்."