மூன்றாம் கொதி

முதல் கொதி வரவேற்பறைக்கு.
அதே இலையில் இரண்டாம் கொதி சமையலறைக்கு.
மூன்றாவதை யாரும் குடிப்பதில்லை.
பிழிந்த சக்கையைக் கம்பளத்தில் தூவிப் பெருக்கினால்
தூசு எழும்பாது.
லீட்ஸ் நகரத்தில் இந்த வீட்டின் சட்டதிட்டம்
மொத்தமும் இவ்வளவுதான்.

இங்கே வேலைக்காரி என்றால் மேரி.
எனக்கு முன்பு இருந்தவள் மேரி,
அவளுக்கு முன்பு இருந்தவளும்.
மணிக்கயிறு இழுத்துப் பழகிய கைக்குப்
புதுப்பெயர் சிரமம் என்றார் திருமதி ஆர்மிட்டேஜ்,
முதல் நாளே,
கனிவாகத்தான்.

இன்று வியாழன். பதினான்கு சீமாட்டிகள்.
பதினான்கு தொப்பிகள், ஒன்றின்மேல் முழுசாய் ஒரு பறவை.
ஓரம் நறுக்கிய ரொட்டிக்குள் வெள்ளரிக்காய்.
ஓரங்கள் எங்களுக்கு.
பாலை முதலில் ஊற்றுகிறவள் யார்,
பிறகு ஊற்றுகிறவள் யார் என்று
கடைக்கண்ணால் ஒருவரையொருவர் எடைபோட்டு முடித்தபின்
பெண்கள் எல்லோரும் ஒன்று என்று
பேச ஆரம்பித்தார்கள்.

கேலி பேசவில்லை நான்.
மிஸ் டெம்ப்பஸ்ட் எழுந்து பேசியபோது
என் கைத்தட்டில் கரண்டிகள் கிலுகிலுத்தன.
ஹாலோவே சிறையில் ஆறு வாரம் கிடந்து வந்தவர்.
கோப்பையின் காதை விட்டுவிட்டு
இரு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்திருந்தார்,
அடுப்படியில் நாங்கள் பிடிப்பதுபோல்,
சூட்டுக்காக.

மனுவை வாசித்தார்கள்.
ஆண்களுக்கு உள்ள அதே நிபந்தனைப்படி
பெண்களுக்கும் வாக்கு.
அதே நிபந்தனை என்றால் வீடு, வாடகை, வரி.
தட்டை ஏந்திக்கொண்டே கணக்குப் போட்டேன்.
பரணறையில் ஒரு கட்டில், அது அவர்களுடையது.
கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி, அது என்னுடையது.
அதன் பூட்டும்.

"மேரி, நீயும் ஒரு கையெழுத்துப் போடேன்!"
விரல் நுனிகளால் கைதட்டினார்கள்.
பேனா என் கைக்கு வந்தது.
ஈரக்கையை முன்றானைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுதினேன்
கெத்சீயாள் ஓக்டன் என்று.

சுரங்கத்திலிருந்து ஏறிவந்த ஒரு ஞாயிறு
அப்பா பிரசங்கத்தில் கேட்டு
வீட்டுக்கு எடுத்து வந்த பெயர் அது.
சகோதரர்களுக்கு நடுவே தானும்
சுதந்தரம் வாங்கிய யாரோ ஒரு மகளுடையதாம்.
சுதந்தரம் என்றால் பழைய பேச்சில் சொத்து.
அப்பா விட்டுப்போனது இருமல்.
அதில் மட்டும் எனக்கும் தம்பிகளுக்கும்
சரிபங்கு.

கைப்பிடிக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார் அம்மா.
"யார் இந்தக் கெத்சீயாள்?"
கரண்டிகள் நின்றன.
தொப்பிப் பறவைகூட என்னைத்தான் பார்த்தது.
"நான்தான், அம்மா."
"அப்படியா. அழகான பெயர்."
மை உலர ஊதினார், அக்கறையாக.
"ஜன்னலைச் சாத்து, மேரி. காற்று வருகிறது."

எல்லோரும் போனபிறகு
சக்கையைத் தூவிக் கம்பளத்தைப் பெருக்கினேன்.
கேக் துணுக்குகள், ஒரு கொண்டை ஊசி,
பறவையின் ஓர் இறகு.
அலமாரிமேல் தேயிலைப் பெட்டி திறந்தே கிடந்தது.
சாவி எப்போதும் அம்மாவின் இடுப்பில்.
நாட்டைத் திருத்தும் அவசரத்தில்
பூட்ட மறந்துவிட்டார்.

மூன்று கரண்டி அள்ளினேன்.
கை நடுங்கவில்லை என்று சொன்னால் பொய்.

கீழே, ஹன்னா கோண்ட்,
இருபத்தாறு வருஷமாய்ச் சமையல்காரி,
"உனக்கு வாக்கு வருமாடி?" என்றாள்.
"வராது."
"பின்னே எதுக்குப் போட்டே?"
பதில் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன்,
முதல் கொதி, செக்கச் செவேலென்று.
ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள்.
"கசக்குது."
கோப்பையைக் காலி செய்துவிட்டு
மறுபடி நீட்டினாள்.