உப்புக்காரி வளைவு

அந்தக் கல்லை நான்தான் போட்டேன்.
யார் கேட்டாலும் மறுக்கமாட்டேன்.
கோவிலூரிலிருந்து பாம்பாடும் சோலைக்கு ஏறுகிற பாதையில்
மூன்றாவது வளைவு.
கைப்பிரேக் பிடிக்காத என் ஜீப்பு
பன்னிரண்டு மூட்டைப் பூண்டோடு பின்னால் வழுக்க,
ஓடையில் கிடந்ததை உருட்டிவந்து
சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன்.
வேலை முடிந்தது. கிளம்பிவிட்டேன்.
கல் அங்கேயே கிடந்தது,
ஒரு பக்கம் கிரீஸ் அப்பிக் கறுத்து.

அடுத்த மாசம் சங்கனாச்சேரிக்காரர்கள் நாலு பேர்.
அதே வளைவில் ஃபேன் பெல்ட் அறுந்தது.
வேறு மாட்டும்வரை அவர்களுக்கு எதையாவது காட்டவேண்டும்;
பனியைத் தவிர காட்ட ஒன்றுமில்லை,
கிராண்டிஸ் மரங்கள்கூட இடுப்புக்கு மேல் காணோம்.
"சேட்டா, ஈ கல்லு எந்தா?" என்றாள் ஒருத்தி.
டயருக்கு வைத்தது என்று சொல்லியிருக்கலாம்.
வாய் வேறு சொன்னது:

ரோடு விழாத காலம்.
போடிச் சந்தையில் உப்பு வாங்கி
கொட்டகுடி வழியே தலைச்சுமையாய் ஏறிவந்தாள் ஒருத்தி.
இந்த இடத்தில் மழை பிடித்தது.
இறக்கினால் உப்பு சேறாகும்.
இறக்காவிட்டால் கழுத்து முறியும்.
நின்றாள்.
நின்றுகொண்டே இருந்தாள்.
உப்பு கரைந்து அவள்மேல் வழிந்து வழிந்து
கல்லானாள்.
நக்கிப் பாருங்கள், கரிக்கும்.

அந்தப் பெண் நக்கியே பார்த்துவிட்டாள்.
கரிக்கிறது என்றாள்.
உரச்சாக்கு எதுவோ ஒழுகியிருக்கும்;
நான் வாயைத் திறக்கவில்லை.
வாடகைக்கு மேல் இருநூறு ரூபாய் தந்தார்கள்.

அப்புறம் கதை என் வண்டியை முந்திக்கொண்டு போனது.
சித்திரையில் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள்.
ஆடியில் இலை போட்டு ஒரு கைப்பிடி உப்பு.
மாட்டைத் தொலைத்தவன் மூன்று சுற்றுச் சுற்றினான்,
மாடு வீட்டுக்குப் பின்னாலேயே நின்றிருந்தது.
ஃபாரஸ்ட் கார்டு பேபிச்சன்
என்னையே நிறுத்தி எச்சரிக்கிறான்:
"ஆ கல்லில் சவிட்டருது, கேட்டோ."
அவன் சொல்வதில் அவள் இடுப்பில் ஒரு குழந்தை.
நான் குழந்தை வைக்கவில்லை.
பழத்தோட்டத்தில் அவள் சுமந்தது இரண்டு படி;
ஒன்று கங்காணிக்கு, ஒன்று பிள்ளைபெற்றவள் வீட்டுக்கு.
நான் படிக்கணக்கு ஏதும் சொல்லவில்லை.
சிலந்தியாற்றுக்காரர்களோ
அவள் ஏறவே இல்லை, இறங்கினாள் என்கிறார்கள்,
புருஷன் வீட்டில் தின்ற உப்பை
அளந்து அவன் வாசலில் கொட்ட.
அது என் கதையைவிட நன்றாயிருந்தது.
கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இந்த மார்கழியில், உறைபனி விழுந்து
உருளைச்செடி கருகிய வாரம்,
காமுத்தாய் காட்டில் மூட்டை ஏற்றப் போனபோது
எல்லாவற்றையும் உடைத்துவிட்டேன்.
கல், கிரீஸ், ஃபேன் பெல்ட், இருநூறு ரூபாய்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கோணி ஊசியைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

"கல்லை நீ போட்டே, சரி.
எங்கம்மாவோட சின்னாத்தா
உப்புக்குப் போனவ திரும்பலே.
எந்த வளைவுன்னு தெரியாமத்தான் கெடந்துச்சு.
இப்பத் தெரியும்."

அடுத்த மூட்டையின் வாயைத் தைத்தாள்.
"பன்னெண்டு. எண்ணி ஏத்து."

மூன்றாவது வளைவில் இன்ஜின் இருமி நின்றது.
கைப்பிரேக்கை இன்னும் சரிசெய்யவில்லை.
கிளீனர் பையன் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு
கத்தினான்: "அண்ணே, அந்தா இருக்கே கல்லு!"
இருந்தது. மஞ்சளுக்கு அடியில்
என் கிரீஸ் இன்னும் தெரிந்தது.
காது கேட்காதவன்போல் ஓடைக்கு இறங்கினேன்.
தண்ணீர் விரலைக் கடித்தது.
புதுக்கல் பழையதைவிடக் கனம்,
நாலு தரம் வழுக்கி, நகம் பெயர்ந்து, மேலே கொண்டுவந்தேன்.

வண்டி கிளம்பியதும் மறக்காமல் இறங்கி,
யாரும் வருகிறார்களா என்று பார்த்து,
அதை மறுபடி ஓடையிலேயே தள்ளிவிட்டேன்.