மதிப்பீடு

தாளைத் திருப்பி எதிரில் இருப்பவர் பக்கம் வைப்பதுதான் என் வேலை.
கூடவே பேனா.
தொகை இருக்கும் வரியில் விரல் படாமல் பார்த்துக்கொள்வேன்.
பட்டால் குற்றம் சுமத்துவது போலாகிவிடும்.

தண்டர் பேயில் ஜனவரி, இரவு பதினொன்றே கால்.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
ரெய்மோ லெப்பாலா, பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறவர்.
அவர் பூட்ஸிலிருந்து உருகிய தண்ணீர்
என் மேசைக்கடியில் சின்ன ஏரியாகிறது.
குளிர்கோட்டில் சுருட்டிக் கொண்டுவந்தது
சாம்பல் நிறக் கடுவன் ஒன்றை.
பெயர் பூரோ.
அவர்கள் மொழியில் கஞ்சி என்று அர்த்தமாம்.

மூத்திரம் அடைத்துக்கொண்டது.
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்,
வரி தனி.

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டபோது
இன்றைக்குத்தான் என்றார்.
பிறகு, நேற்று.
தாளைப் பார்த்த பின் என்னிடம் மட்டும்:
"ஞாயிற்றுக்கிழமையே மணல் பெட்டியில்
போய்ப் போய் உட்கார்ந்தான்.
மலச்சிக்கல் என்று நினைத்தேன்.
டாக்டரிடம் காட்டினால் நூறு டாலர் ஆகுமே என்று..."
நான் கணக்குப் போடவில்லை.
அது தானாகவே போட்டுக்கொண்டது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று
யாரோ பூனைகளுக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள்.
வலியை மடித்து வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு
ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கின்றன.
நாமும் அதைச் சாந்தம் என்கிறோம்.

தாளின் அடியில் இன்னொரு வரி உண்டு.
முன்னூற்றுப் பத்து.
அதை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை.
அவர் இரண்டு வரிகளுக்கும் நடுவில் இருந்த
வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்று அட்டைகளை மேசைமேல் வைத்து,
ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.
என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்து
"சரி, நோரின்" என்றார், நான் எதுவோ கேட்டது போல.

எந்த வரியில் கையெழுத்திட்டார் என்பதை
நான் வெளியே சொல்லக் கூடாது.
மார்ச்சில் ஒருநாள் விடியலில்
அவருடைய லாரி எங்கள் வாசலை
தேவைக்கு மேல் ஒருமுறை வழித்துவிட்டுப் போனது.
அவ்வளவுதான் சொல்வேன்.

வீட்டில் எனக்கும் ஒருத்தி இருக்கிறாள்,
டில்டா, பதினொரு வயது, கோபக்காரி.
மாதம் பிறந்தால் குளியலறைத் தராசில்
முதலில் நான் மட்டும்.
பிறகு நானும், என் தோளைப் பிறாண்டும் அவளும்.
கழித்தால் வருவதை
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதுகிறேன்.
என் எடையை எழுதுவதில்லை.

சம்பளம் வந்த அன்றே
அவள் பெயரிலான கணக்குக்கு நாற்பத்தைந்து டாலர்.
பெருமைப்பட ஒன்றுமில்லை.
அக்டோபரில் பனிக்கால டயருக்காக
அதில்தான் கைவைத்தேன்.
திரும்பப் போட்டு நிரப்ப ஏழு வாரம்.
அந்த ஏழு வாரமும் அவள் தும்மினால்
எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

பிப்ரவரியில் இருநூறு கிராம் குறைந்தது.
தராசின் பேட்டரியை மாற்றினேன்.
ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மறுபடி நின்றேன்.
அதே இருநூறு.
சாப்பிடுகிறாள், குதிக்கிறாள், கடிக்கிறாள்.
ஒன்றுமில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்,
ரெய்மோவின் குரலில்.

அப்புறம் பட்டப்பகலில்,
என் மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் போய் நின்றேன்.
இரத்தம், சிறுநீர் இரண்டும் பார்க்க நூற்றுத் தொண்ணூறு.
சிறுநீரகம். தொடக்கம்தான் என்றார்கள்.
தொடக்கம்.
எட்டு வருடத்தில் அந்த மேசையில்
இவ்வளவு மலிவான ஒரு சொல்லைக் கேட்டதில்லை.

புது உணவு அவளுக்குப் பிடிக்கவில்லை.
கிண்ணத்துக்கு முதுகைக் காட்டி
இரண்டு நாள் என்னைத் தண்டித்தாள்.
மூன்றாம் நாள், நான் பார்க்காத நேரத்தில், பாதி.

இப்போது இரவுப் பணி இல்லாத நாட்களில்
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன்.
சமையலறை இருட்டில்
அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம்.
நக்கு நக்காக எண்ணுகிறேன்.