ஏழு புள்ளி

தாஷ்கண்டில் பனி.
கண்ணாடிக் கூடத்தில் மாதம் தப்பிப் பூத்தது பருத்தி.

தாய் உள்ளூர்க்காரி.
தகப்பன் ஆஸ்திரேலியப் பாலையின் காட்டுச்செடி:
இலையெல்லாம் கரும்புள்ளி நஞ்சு,
பருப்பில் மட்டும் பொட்டுகூட இல்லை.

பிறந்தது வளர்ந்தது.
நானூறு பூ.
நானூறும் மலடாய் உதிர,
கோப்பை மூடச் சொன்னார் இயக்குநர்.

முனவ்வரா மூடவில்லை.
குரோமோசோம் இரட்டிக்கும் மருந்தில்
தளிர்நுனியை நனைத்தாள்.

மூன்றாம் குளிர்காலம்
ஒரு காய். ஒரே விதை.
அறுத்தால்தான் தெரியும்,
அறுத்தால் போய்விடும்.

முளை இருக்கும் பக்கம் விட்டு
வால்பக்கம் நகக்கண் அளவு சீவினாள்.
உருப்பெருக்கியில் எண்ணினாள்.
ஏழு.
உள்ளூர் விதையில் எண்ணி மாளாது.

மிச்ச விதை ஈரமண்ணில்.
தேநீர் ஆறிப்போயிருந்தது.

பக்கத்து டப்பாவில்
காய்ப்புழு ஒன்று
இன்னும் முளைக்காத இலைக்குப்
பசித்திருக்கிறது.