புள்ளிக் கணக்கு

ஒன்பதாவது பக்கத்தில் படிவம் கேட்கிறது:
யார் யார் என்னென்ன செய்தீர்கள்?
கருத்து, அளவீடு, பகுப்பாய்வு, எழுத்து.
ஆளுக்கொரு கட்டம்.
காரைக்குடியில் இரவு பதினொன்றே கால்.
செக்காலை ரோட்டில் பரோட்டாக் கல்லும் ஆறிவிட்டது.
நான் இன்னும் முதல் கட்டத்தில்.

கட்டுரை துருவைப் பற்றியது.
கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டை
நூறு வருஷமாய்ச் சுமக்கும் இரும்பு உத்திரம்.
கப்பலில் வந்தது. அதன் விலாவில்
வார்த்த கம்பெனியின் பேர், கையகல எழுத்தில்.
உலைமுன் நின்றவன் பேர் இல்லை.
துறைமுகத்திலிருந்து இழுத்துவந்தவன் பேரும்.
அறிமுகத்தில் இதை ஒரு வரி எழுதினேன்,
பிறகு நானே அடித்தேன்.

பட்டியலில் ஐந்து பேர்.
முதலில் நான்.
அடுத்து துறைத்தலைவர் வயிரவன் சார்.
உத்திரத்தை அவர் பார்த்திருக்கிறார்,
ஒரு கல்யாணத்தில், அதன் கீழே பந்தியில் உட்கார்ந்து.
மூன்றாவது அவர் மருமகன், திருச்சியில்.
நான்காவது, கருவி வாங்கக் கையெழுத்துப் போட்டவர்.
ஐந்தாவது யாரென்று சத்தியமாக எனக்குத் தெரியாது.
மின்னஞ்சல் முகவரி மட்டும் இருக்கிறது.

"ஒரு பேர் கூடினா என்னம்மா,
ஒரு காற்புள்ளிதானே."
சார் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
நல்ல மனிதர். என் தங்கை ஆபரேஷனுக்கு
ராத்திரியோடு வந்து ரத்தம் கொடுத்தவர்.
கோயிலில் புள்ளிவரி எழுதியபோது
பணம் கட்டாத புள்ளியை
ஏட்டில் ஏற்றக்கூடாதென்று
கூட்டத்தில் எழுந்து நின்றவர்.

என் வரைபடத்திலும் புள்ளிகள்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
எல்லாம் ஒரே கை வைத்தவை,
அந்தக் கை பட்டியலில் இல்லை.

சகாயராணி.
தேவகோட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்தவள்.
எலெக்ட்ரோடைத் தேய்த்துத் தேய்த்து
நகக்கண்ணெல்லாம் அலுமினாப் பொடி.
உதவித்தொகை எட்டு மாதம் வராமல்போனபோது
திருப்பூர் போய்விட்டாள்.
பனியன் கம்பெனியில் தரப் பரிசோதனை.
நோட்டு மட்டும் என் மேஜையில்.
நன்றியுரையில் போட்டுக்கலாம் என்றார்கள்.
நன்றியுரை: பந்திக்கு உட்காராதவருக்குத் தாம்பூலப் பை.

நான் ஒன்றும் யோக்கியமில்லை.
என் முதல் கட்டுரைக்கு நான் செய்தது
மேற்கோள் பட்டியலை அகரவரிசையில் அடுக்கியது.
இந்த வேலை அந்தக் கட்டுரை வாங்கித் தந்தது.
அதனால் குரல் எதுவும் உயர்த்தவில்லை.
போன் பண்ணினேன், அவ்வளவுதான்.

முதலில் மெஷின் சத்தம். இரவு ஷிப்ட்.
உன் பேரைப் போடப்போகிறேன் என்று
நான் ஆரம்பிக்குமுன் அவள்,
"அக்கா, பதினேழாம் தேதி ராத்திரி அளவைச் சேர்த்துட்டீங்களா?
அன்னைக்கு கிளிப் லூசா இருந்துச்சு.
நோட்டு ஓரத்துல பென்சில்ல எழுதியிருப்பேன் பாருங்க.
அது பொய்க்கா. எடுத்துருங்க."

புரட்டினேன்.
மங்கலாக, சாய்வாக, இருந்தது.
எங்கள் முடிவுரையின் இரண்டாம் பத்தி
முழுப் பாரத்தோடும்
அந்த ஒரு புள்ளியின்மேல்தான் நிற்கிறது.

ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது.
ஒருவர் என்பதில் நானும் அடக்கம்.
போய் இரண்டு வருஷமாகியும்
பனியன் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி
ஒரு ராத்திரிக்கு அவள் பதில் சொல்கிறாள்.

வரைபடத்தில் ஒரு புள்ளியை எடுத்தேன்.
பட்டியலில் ஒரு புள்ளி சேர்த்தேன்.
கோடு கீழே தொய்ந்தது.
இரண்டாம் பத்தி போயிற்று.
அவள் பேரை எத்தனையாவதாகப் போடுவது என்பதற்கு
அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன்.
முதலில் என்று எழுத
என் விரலுக்கு இஷ்டமில்லை. எழுதினேன்.

காலையில் சாரைப் பார்க்க வேண்டும்.
மருமகன் பேச்சை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை.
ரத்தம் நினைவுக்கு வரும்.

படிவத்தை மூடாமல்
ஐந்தாமவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன்:
ஐயா, வணக்கம். தாங்கள் யார்?

கண் இமைப்பதற்குள் பதில், தானாக வருகிற பதில்:
விடுமுறையில் இருக்கிறேன்.
அவசரமென்றால்
துறைத்தலைவரைத் தொடர்புகொள்ளவும்.